மாடில்லாத வீட்டு மாப்பிள்ளை

தேவகுமாரி நீட்டிய தட்டிலிருந்து காபி டம்ளரை எடுக்க, பெண் பார்க்க வந்திருந்த தங்கராஜ் கையை நீட்டினான்.

கட்டைவிரலில் ஒரு கொப்புளம். ஆள்காட்டி விரலில் இரண்டு. சிவந்து, நடுவில் குழி விழுந்தவை.

சமையலறை வாசலில் நின்றிருந்த அவள் அம்மா அருக்காணி அந்த விரல்களையே பார்த்தாள்.

அதே கொப்புளம் மகளின் விரல்களிலும் வந்து, இப்போதுதான் காய்ந்து பொருக்கு உதிர்ந்திருந்தது. வீட்டுப் பசுவின் காம்பில் வந்த அம்மை. கறக்கிற கையில் ஒட்டிக்கொள்ளும், பதினைந்து நாள் பெண்ணை மாட்டுப் பக்கம் விடாதீர்கள் என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அன்றிலிருந்து கணவர் நல்லமுத்துதான் கறக்கிறார். அருக்காணி காபி எஸ்டேட்டில் பழம் பறித்துவிட்டுத் திரும்பும்போது, அடுப்படியில் சொம்பு நிறையப் பால் நுரைத்துக்கொண்டிருக்கும். இந்த வயதிலாவது மனுஷன் திருந்தினாரே என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

தங்கராஜின் அம்மா காளியாயி பேச்சை நிறுத்துவதாக இல்லை.

"எங்கூட்டுல ஆடு மாடு ஒண்ணும் கெடையாதுங்க. பையன் எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் உத்தியோகம், பேனாவத் தவிர ஒண்ணையும் தொட்டதில்லீங்க. கண்ணு எங்கூட்டுக்கு வந்தா சாணி அள்ள வேண்டியதே இல்லீங்க."

பேனாவிலிருந்து அம்மை ஒட்டாது என்பது அருக்காணிக்குத் தெரியும்.

நல்லமுத்துவுக்கும் தெரியும். அவரும் அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன தை மாதம் வந்த வரனை, பையன் மஞ்சக்குட்டை பஸ்ஸில் மகளிடம் இரண்டு வார்த்தை பேசினான் என்பதற்காகவே திருப்பி அனுப்பியவர் அவர். முன்னாலேயே பழகிவிட்டு அப்புறம் பெண் கேட்டு வருகிறவனுக்கு என் வீட்டில் காபிகூடக் கிடையாது என்று சொன்னவர்.

தேவகுமாரி தன் விரல்களைத் தட்டுக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

தங்கராஜ் கொப்புளங்கள் மறையும்படி டம்ளரை இறுக்கிப் பிடித்தான். கொதிக்கிற காபி. அவன் நெற்றி வியர்த்து, டெரிகாட்டன் சட்டையின் காலர் நனைந்தது. இருந்தும் விடவில்லை.

நல்லமுத்து வாயைத் திறந்தார்.

"டம்ளரக் கீழ வைங்க மாப்ள, புண்ணுல சூடு படக்கூடாது. காம்புல புண்ணோட நிக்கற மாட்ட உதை வாங்காம கறந்திருக்கீங்க. பதினஞ்சு நாளைக்கு நீங்களும் அதத் தொடாதீங்க."

காளியாயி ஒன்றும் புரியாமல் மகனைப் பார்த்தாள்.

அருக்காணி கணவரைப் பார்த்தாள்.

"என்ன ஏம்புள்ள அப்படிப் பாக்கற?" என்றார் அவர். "இத்தன நாளா நான் வீடு திரும்பறதுக்குள்ள நீதான் கறந்து வெக்கறயின்னு நெனச்சிருந்தேன்."