நான்காவது பாட்டில் ஒரு அடி

பக்கவாட்டுக் கதவு திறந்து கிடக்கிறது. சாயங்கால வெயில் புகை மண்டிய அரங்குக்குள் ஒரு பட்டையாக விழுகிறது. அலறலும் விசும்பலுமாகப் பாடும் அந்த போஸ்ட்-ஹார்ட்கோர் குழு, பத்து வருடம் நிறைந்த தன் ஆல்பத்தை வரிசை குலையாமல் வாசித்து நான்காவது பாட்டுக்கு வந்திருக்கிறது. அந்தக் குழுவின் பழைய டிரம்மர் டிக்கெட் எடுத்து உள்ளே வந்து, தூண் ஓரமாக நிற்கிறான். பதிவு நாளன்று ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக ஸ்டுடியோவுக்குப் போனவன், இந்தப் பாட்டில் ஒரு அடியைத் தாமதமாக அடித்தான். அதற்காகவே மறுவாரம் அவனைக் கழற்றிவிட்டார்கள். அந்தத் தாமத அடி மட்டும் ஆல்பத்தில் தங்கி, ரசிகர்களுக்கு உயிராகிவிட்டது. முதலில் வாசித்துவிட்டு இறங்கிய பங்க் ராக் குழுவின் பாடகி, வியர்வை சொட்ட, அவன் பக்கத்தில் வந்து நிற்கிறாள். யாரென்று அவளுக்குத் தெரியாது. "அண்ணா, இப்ப வரும் பாருங்க. அந்த டிரம்மர் தூங்கிட்டானாம். தூங்கினாலும் தெய்வம்ணா அவன்!" "தூங்கல," என்கிறான். ஸ்பீக்கர் இரைச்சலில் அது அவளுக்குக் கேட்கவில்லை. கிட்டார்கள் சட்டென்று நிற்கின்றன. புது டிரம்மர் ஓங்கிய குச்சியை வேண்டுமென்றே இறக்காமல் வைத்திருக்கிறான். நானூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அந்த நிசப்தத்தில் பழைய டிரம்மரின் உள்ளங்கை மட்டும் தன் தொடையில் பளாரென்று விழுகிறது, தாளப்படி மிகச் சரியான நேரத்தில். அப்புறம்தான் டிரம் இடிக்கிறது, கூட்டம் அலறுகிறது. பாடகி அவன் காதருகே எக்கிச் சிரிக்கிறாள். "முந்திட்டீங்களேண்ணா!"