நூற்றுக்கு மூன்று பேர்

ஐரீன் விறுவிறுவென்று எழுந்து போய் புரொஜெக்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

சுவரில் தெரிந்த வெதர்பி கல்லூரியின் செங்கல் கோபுரம் பட்டென்று மறைந்தது. பள்ளி நூலகத்தில் கூடியிருந்த பிள்ளைகளும் பெற்றோரும் திகைத்துப்போனார்கள்.

"என்ன மேடம் இது?" என்றான் ட்ரெவர். வெதர்பியின் அட்மிஷன் ஆபீசிலிருந்து, மேற்கு வர்ஜீனியாவின் இந்தச் சுரங்க ஊர் வரைக்கும் காரோட்டி வந்திருந்த இளைஞன்.

"படம் காட்டினது போதும். நூத்துக்கு மூணு பேருக்குத்தான் இடம்னு பெருமையா சொன்னீங்களே, முப்பது வருஷத்துக்கு முன்னாடி எத்தனை பேரை எடுத்தீங்க?"

"அப்போ விண்ணப்பிச்சதே கொஞ்சம் பேர்தான். பாதிப் பேருக்குக் கிடைச்சிருக்கும்."

"இப்ப சீட்டைக் குறைச்சிட்டீங்களா?"

"இல்ல."

"பாடம் ஏதாவது வானத்துலேர்ந்து வந்திருக்கா?"

ட்ரெவர் இல்லையென்று தலையாட்டினான்.

"அதே கட்டடம், அதே சீட்டு. வாசல்ல திருப்பி அனுப்புற கூட்டம் மட்டும் பெருகியிருக்கு. அதுக்குப் பேரு கௌரவம்! அந்தக் கூட்டத்துக்கு ஆள் பிடிக்கத்தானே இங்க வந்தீங்க?"

பின்வரிசையிலிருந்து லோரெட்டா துள்ளி எழுந்தாள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள். அவள் மகள் டெஸ்ஸாதான் வகுப்பில் முதல்.

"ஏம்மா ஐரீன், பிள்ளைங்களுக்கு மேல்படிப்புக்கு வழி காட்டத்தானே இந்த ஸ்கூல்ல உனக்குச் சம்பளம் கொடுக்குறாங்க? நீ என்னடான்னா வழியை அடைக்கிறியே!"

"லோரெட்டா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..."

"உன் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த ஊர்ப் பிள்ளைங்க மலையைத் தாண்டல! உன் பையன் காலேஜை விட்டுட்டு ஓடி வந்தான். அதுக்காக என் பொண்ணும் படிக்கக் கூடாதா?"

இரண்டு பேர் கை தட்டினார்கள். "நல்லாக் கேளு!" என்றது ஒரு குரல்.

ஐரீனின் முகம் செத்துப்போனது. ஆனாலும் ட்ரெவர் பக்கம் திரும்பினாள்.

"கடைசியா ஒண்ணு. எங்களை மாதிரி ஊர்லேர்ந்து வர்ற விண்ணப்பங்களை உங்க ஆபீஸ்ல யாராவது முழுசாப் படிக்கிறாங்களா?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல, மேடம்."

ட்ரெவர் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வெளியேறினான். பெற்றோர் எல்லோரும் ஐரீனைச் சூழ்ந்துகொண்டு கத்த ஆரம்பித்தார்கள்.

லோரெட்டா மட்டும் அவன் பின்னாலேயே கார் நிற்கிற இடத்துக்கு ஓடினாள்.

"தம்பி, தம்பி! மனசுல வச்சுக்காதப்பா. அவளுக்கு அடுத்தவங்க பிள்ளை முன்னேறினா ஆகாது. எங்க டெஸ்ஸா லீவு முழுக்க வெளியில தலை காட்டாம படிச்சா. ஸ்டேட் யுனிவர்சிட்டியில சாப்பாடு, ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து இலவசமாத் தர்றேங்கறாங்க. இந்த வாரமே பதில் சொல்லணுமாம். உங்க காலேஜே வந்து கூப்பிடுறப்போ அது எதுக்குன்னு வேண்டாம்னு சொல்லப்போறா."

ட்ரெவர் கார் கதவில் வைத்த கையை எடுத்தான்.

"ஐயோ, அப்படிச் செஞ்சிடாதீங்க. இன்னைக்கே சரின்னு சொல்லச் சொல்லுங்க."

லோரெட்டாவுக்குப் புரியவில்லை. "அப்ப எதுக்குப்பா இவ்வளவு தூரம் வந்து வா, வான்னு கூப்பிட்ட?"

"அப்படிக் கூப்பிடத்தான் எனக்குச் சம்பளம். நிறைய பேர் விண்ணப்பிக்கணும், நிறைய பேரைத் தள்ளணும். அப்பதான் தரவரிசையில மேல ஏறுவோம். எடுக்கிறது எப்பவும் எடுக்கிற ஸ்கூல் பிள்ளைங்களைத்தான்."

லோரெட்டாவுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது.

"அடப்பாவி! இதை உள்ளேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே! ஊரே சேர்ந்து ஐரீனைக் கிழி கிழின்னு கிழிச்சோம். நான் அவ பையனைக்கூட இழுத்துப் பேசிட்டேன். எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு மரம் மாதிரி நின்னியே, நீயெல்லாம் மனுஷனா?"

"நான் வாயைத் திறந்தா என் வேலை போயிடும், மேடம்," என்றான் ட்ரெவர் தலையைத் தூக்காமல். "அதனாலதான் நேத்தே போன் பண்ணி, நான் பேசிக்கிட்டிருக்கும்போது நிறுத்திட்டு இந்தக் கேள்வியெல்லாம் கேளுங்கன்னு நான் அவங்ககிட்ட கெஞ்சினேன்."