மதில்மேல் மரகதம்

“அப்புறம் என்னம்மா ஆச்சு? சீக்கிரம் படி!” என்றார் இராஜாங்கம், காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே.

கிளறியது அவருடைய நெல்லை அல்ல, அம்சத்தின் நெல்லை. கொள்முதல் நிலையத்துக் களத்தில் இருவர் குவியலும் அடுத்தடுத்து இருந்தன. “நெல்லைக் காயவிடாம எப்படிண்ணே படிக்கிறது?” என்று அவள் இழுத்ததும், மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். சரித்திர நாவல் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

பழுப்புத்தாள் அட்டை போட்ட புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அம்சம் படித்தாள்.

“கோட்டையைச் சுற்றி எதிரிப் படை. பதின்மூன்று வயது மரகதம் மதில்மேல் ஏறி நின்று தளபதியைப் பார்த்துக் கத்தினாள்: ‘யோவ் மீசை! உன் குதிரைக்கெல்லாம் கொள்ளுல பேதி மருந்து கலந்துட்டேன். தைரியம் இருந்தா ஏறிப் பாரு!’”

நாலாம் நம்பர் குவியல் பக்கத்திலிருந்து ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த நாகம்மாள் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை வெளியே வந்துவிட்டது.

“தளபதி வில்லை வளைத்தான். கீழே அகழி. அகழியில் முதலை. மரகதம் கண்ணை இறுக மூடிக்கொண்டு...”

அம்சம் புத்தகத்தை மூடினாள்.

“ஏம்மா, புள்ளைய அங்க நிக்க வச்சுட்டு!”

“படிக்க மனசு ஓடலண்ணே. வானத்தைப் பாருங்க. என் டோக்கன் பத்தொன்பது. நெல்லு நனைஞ்சா ஈரம் அதிகம்னு எடுக்க மாட்டாங்க.”

மேற்கே கையகல மேகம்தான் இருந்தது. இராஜாங்கத்தின் டோக்கன் மூன்று. அறுப்பு மொத்தமும் அந்தக் குவியலில்தான் கிடந்தது. ஆனால் அந்தப் பெண்ணை வில்லுக்கும் முதலைக்கும் நடுவே விட்டுவிட்டு அவரால் எப்படி நிம்மதியாக இருக்க முடியும்?

“நாம டோக்கனை மாத்திக்குவோமாண்ணே? எடை முடிஞ்சதும் புத்தகத்தையே குடுத்துடறேன். முடிவை நீங்களே நிதானமா படிச்சுக்கலாம்.”

“இதை முதல்லயே சொல்றதுக்கென்ன!” என்று டோக்கனை நீட்டினார் இராஜாங்கம்.

நீட்டியதோடு நிற்கவில்லை, எடை சீக்கிரம் முடியட்டும் என்று அவளுக்குச் சாக்கும் பிடித்துக் கொடுத்தார். வேலை முடிந்ததும் அம்சம் சொன்ன சொல் தவறாமல் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு டிராக்டரில் ஏறிக் கிளம்பிப் போனாள்.

அதற்குள் கையகல மேகம் களம் முழுக்கப் பரவி இருட்டிக்கொண்டு வந்தது. இராஜாங்கம் அவசர அவசரமாகத் தன் நெல்மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு, ஆசையாகப் புத்தகத்தைப் பிரித்தார்.

டிராக்டர் உதிரி பாகங்களின் விலைப்பட்டியல்!

முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம் என்று புரட்டினார். போல்ட்டும் நட்டும் பிஸ்டனும் இருந்தன. மரகதத்தைக் காணோம்.

“நாலாம் நம்பர் வாங்க!” என்று உள்ளிருந்து குரல் வந்தது. இராஜாங்கத்தின் மூக்கில் ஒரு மழைத்துளி விழுந்தது.

அவர் சட்டென்று பழுப்பு அட்டையைச் சரிசெய்து, புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, எழுந்து நின்ற நாகம்மாளிடம் ஓடினார்.

“மரகதம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அகழியில் ஒரே குதி! முதலை வாயைத் திறந்தது... ஆமா அக்கா, உங்க டோக்கன் நாலுதானே?”