காலிக் குருசிபிளின் எடை

முதல் வரி காலியாக இருந்தது.

அவள் விடைத்தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள். மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள், எழுதாத எண் எங்கேயோ உருண்டு போய்க் கிடப்பதுபோல.

காலிக் குருசிபிளின் எடை =

சமக்குறிக்கு அப்புறம் ஒன்றும் இல்லை.

கல்யாண சந்தடியில் தாலி கட்ட மறந்த கதை என்பார்களே, அதேதான்.

பி.எஸ்ஸி. வேதியியல், கடைசி வருடச் செய்முறைத் தேர்வு. கொடுத்த கரைசலில் நிக்கல் எத்தனை கிராம் என்று சொல்ல வேண்டும். கேட்பதற்கு ஒரு வரி. செய்வதற்குக் காலை பத்திலிருந்து மாலை நான்கு.

எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தாள். கரைசலைச் சூடாக்கினாள். அம்மோனியா நெடி மூக்கில் ஏறும்வரை சொட்டுச் சொட்டாக விட்டாள். செக்கச்செவேல் என்று வீழ்படிவு இறங்கியது. அடியில் வடிகட்டி பொருத்திய சின்னக் கண்ணாடிக் கிண்ணம்தான் குருசிபிள். அதில் வடித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, பீக்கர் ஓரத்தில் ஒட்டியிருந்த துணுக்கைக்கூட விடாமல் சேர்த்தாள். கழுவினாள். உலர் அடுப்பில் காய வைத்தாள். ஆற விட்டு எடை போட்டாள்.

வேதியியல் என்றால் வெடிக்கும், புகையும் என்று ஊரில் நினைக்கிறார்கள். கழுவுவதும் காத்திருப்பதும்தான் அது. வீட்டில் ஒரு டம்ளர் கழுவாதவள் இங்கே மூன்று வருடமாகக் கழுவிக்கொண்டிருக்கிறாள். இதை அம்மாவிடம் சொல்லவே இல்லை.

வீழ்படிவோடு குருசிபிளின் எடை = 29.8841

சரி. காலையில் வெறும் கிண்ணத்தை நிறுக்க மறந்துவிட்டாள்; இதிலிருந்து எதைக் கழிப்பது?

வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பக்கத்தில் வந்து நின்றார். குனிந்து குருசிபிளைப் பார்த்தார்.

“நல்லா வந்திருக்கேம்மா. இந்த பேட்ச்லயே உன்னோடதுதான் அழகு.”

அவள் தலையாட்டினாள். பாராட்டைக் கேட்டு அழுகை முட்டிக்கொண்டு வருவது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

மணி மூன்று பத்து.

பக்கத்து மேசை ஜெசிந்தாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தன் தாளை மெல்லச் சாய்த்துக் காட்டினாள். நல்ல மனசு. ஆனால் ஒரு குருசிபிளுக்கும் இன்னொன்றுக்கும் அரை கிராம் வித்தியாசம் இருக்கும். இவள் காலையிலிருந்து சேர்த்த சிவப்பு மொத்தமே கால் கிராம்.

விடை இல்லாத தாளுக்குப் பாஸ் கிடையாது. இந்தத் தேர்வு வருடத்துக்கு ஒரு முறைதான். ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் ஜூன் ஒன்றாம் தேதி வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கடிதத்தின் கடைசி வரி: அரியர் எதுவும் இருக்கக் கூடாது.

ஒரு வழி இருந்தது.

இருப்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் கொடுமை.

வீழ்படிவைக் கரைத்துக் கொட்டிவிட்டு, கிண்ணத்தைக் கழுவி, காய வைத்து, ஆற வைத்து, வெறும் கிண்ணத்தை நிறுக்கலாம். ஒன்றரை மணி நேரம் வேண்டும்.

கையில் ஐம்பது நிமிடம்.

சூடான அமிலத்தை ஊற்றினாள்.

அத்தனை சிவப்பும் அரை நிமிடத்தில் போய்விட்டது. வடிந்த தண்ணீரில் லேசாகப் பச்சை தெரிந்தது. அதையும் தொட்டியில் கொட்டினாள்.

ஆய்வக உதவியாளர் பேச்சியப்பன் எழுந்து வந்தார். உலர் அடுப்பைத் திறந்து, மற்றவர்கள் வைத்திருந்ததை எல்லாம் ஓரம் தள்ளி, அவளுடையதை நடுவில் வைத்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

அவள் அடுப்புக் கதவின் முன்னால் நின்றாள். காய்வதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. அதையும் அவள் படித்திருக்கிறாள்.

மூன்று ஐம்பத்து நான்கு.

இடுக்கியால் எடுத்தாள். ஆற வைக்க நேரமில்லை. சூடான பொருளை நிறுக்கக் கூடாது என்பது முதல் வருடம் முதல் வாரத்துப் பாடம். கொண்டுபோய்த் தராசில் வைத்துக் கண்ணாடிக் கதவை மூடினாள்.

எண்கள் ஓடின.

29.6038. 29.6052. 29.6071.

ஆற ஆற ஏறிக்கொண்டே போயின.

தேர்வாளர் தாள்களை வாங்கிக்கொண்டே வந்தார். தராசுக்குள் பார்த்தார்.

“எங்கம்மா உன் பிரிசிபிடேட்?”

“கரைச்சிட்டேன் சார்.”

அவர் அவளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். முதல் வரியைப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் இதைப் படித்தவர்தானே. கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஏதாவது ஒண்ணை எழுதிடும்மா. யாரு பாக்கப் போறா?”

பார்ப்பதற்கென்றே நூறு கிலோமீட்டர் பஸ் ஏறி வந்தவர் அவர்.

மணி அடித்தது.

29.6094. 29.6109.

அவள் பேனாவைத் திறந்தாள். இருபத்தொன்பது என்று எழுதினாள். புள்ளி வைத்தாள். ஆறு எழுதினாள்.

அதற்கு அப்புறம் மூன்று இடம்.

மூன்று வருடம் அவள் படித்தது அந்த மூன்று இடத்தைத்தான்.

அவர் தாளுக்காகக் கையை நீட்டினார்.