பீங்கான் முகம்

மீன் துண்டு நாக்கில் பட்டதும் அவனுடைய உயிர் கண் வரைக்கும் வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

கெட்டுப்போன மீன். இன்று நேற்றுக் கெட்டதில்லை. செத்தது ஒரு தடவைதான் என்றாலும், அதற்குப் பிறகு அது பல தடவை நாறியிருந்தது.

டப்பாவைத் திறந்தபோது அறைக்குள் வந்த ஈ ஒன்று, வீடு மாறி வந்துவிட்ட விருந்தாளி மாதிரி, வந்த வழியே திரும்பிவிட்டது.

எதிரே மேலாளர். மேசை மேல் பாதி உடம்பைச் சாய்த்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படிப்பா இருக்கு?”

மகள் பிரசவத்துக்கு மனைவி போனதிலிருந்து அவரேதான் சமைக்கிறார். மதியமானால் அவனைக் கூப்பிட்டு, முதல் வாய் அவனுக்குக் கொடுத்த பிறகுதான் சாப்பிடுவார். புது மாப்பிள்ளைக்குக்கூட இந்த உபசாரம் கிடைக்காது என்று ஆபீசே வயிறெரிந்தது.

அந்த ஆபீசில் கோப்பில் குறை சொன்னவர்கள் பிழைத்திருக்கிறார்கள். மேலாளரின் கைப்பக்குவத்தில் குறை சொல்ல யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

அதிலும் இன்று, துணை மேலாளர் பதவிக்கான உத்தரவு, அவன் பெயரோடு, கையெழுத்தில்லாமல், டப்பாவுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அந்த நாற்காலிக்காகத் தலைமுடி நரைக்கும்வரை தவம் கிடந்தவன் அவன்.

ஆபீசில் அவனுக்குப் பீங்கான் என்று பெயர். எதைக் கொட்டினாலும் ஒட்டாது. உணர்ச்சிகளைக் கையாளும் பயிற்சி என்று கம்பெனி செலவில் அனுப்பினார்கள். பாடம் எடுக்க வந்தவர் இரண்டாம் நாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டார்.

நாக்கு மீனை வெளியே தள்ளியது. பல் மெல்ல மறுத்தது. தொண்டை கதவைச் சாத்திக்கொண்டது. முகம் மட்டும், கல்யாண வரவேற்பில் நிற்கிற முகமாக இருந்தது.

விழுங்கினான். கொழகொழவென்று அது இறங்கிய இடமெல்லாம் தெரிந்தது.

“பிரமாதம் சார்.”

மேலாளர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

“உங்கிட்ட சொல்றதுக்கென்ன. போன மாசம் வந்த காய்ச்சலுக்கப்புறம் எனக்கு வாசனையும் தெரியல, ருசியும் தெரியல. வீட்டுல சொன்னா மகளை விட்டுட்டு ஓடி வந்துடுவா. மத்தவன்லாம் வாயால புளுகுவான். உன் மூஞ்சியப் பாத்துட்டுதான் தினமும் தைரியமா சாப்பிடறேன்.”

சொல்லிவிட்டு டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார்.

பீங்கானுக்குத் தன் முகத்தின் மேலேயே அருவருப்பு வந்தது. மீன் மேல் வந்ததைவிட அதிகமாக. கழற்றிக் கழுவ முடிகிற சாமானாக இருந்தால் கழுவியிருப்பான்.

சொல்லிவிடலாம். சொன்னால் இத்தனை நாள் காட்டிய மூஞ்சியெல்லாம் பொய்யென்று ஆகிவிடும். உத்தரவு குப்பைக்கூடைக்குப் போகும். சொல்லாவிட்டால் மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போவார். அவர் சட்டைப் பையில் நெஞ்சுவலி மாத்திரை அட்டை துருத்திக்கொண்டிருந்தது.

இரு தரப்புக்கும் நஷ்டமில்லாத வழி ஒன்று எப்போதும் உண்டு என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

டப்பாவைப் பிடுங்கிக்கொண்டான்.

“கோவிச்சுக்காதீங்க சார். இன்னிக்கு முழுசும் எனக்குத்தான்.”

தின்றான். தோலோடு, முள்ளோடு, அடியில் தேங்கியிருந்த நுரையோடு. கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் வழிந்தது. மேலாளர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கியது. அந்தக் கலக்கத்திலேயே உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

பிறகு குனிந்து, மேசைக்கடியில் இருந்த பையிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்தார்.

“நான் பட்டினின்னு கவலப்படாத. ராத்திரிக்கும் சேத்துதான் கொண்டாந்தேன். அதே மீன்தான்.”

முதல் துண்டை வாயருகே கொண்டுபோனவர், வழக்கம்போல நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

பழக்க தோஷம். அது புன்னகைத்தது.