ஒரு சொட்டுகூடக் கசியாத சீல்

பம்ப் அறையின் ஜன்னல் வெயில், மேசையில் கந்தல் துணிமேல் கிடக்கும் சீல் வளையத்தின்மீது விழுகிறது. சுழலும் தண்டைச் சுற்றி, சூடான எண்ணெயை வெளியே விடாமல் அடைத்து நின்ற வளையம் அது. இப்போது முகம் கருகி, விரல் பட்டதும் பொடி உதிர்கிறது. அதை வடிவமைத்தவள் விரலைக் கைக்குட்டையில் துடைக்கிறாள், மறுபடியும் துடைக்கிறாள். உரசும் இரண்டு முகங்களும் காய்ந்து கருகாமலிருக்க, நடுவே எண்ணெய் இழையோட இடம் விட்டாக வேண்டும். அதனால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். ஒரு சொட்டுகூடக் கசியாத சீல் என்று பேர் வாங்கும் ஆசையில் அந்த இடத்தை இறுக்கியவள் அவள்தான். காய்ந்து வெடித்த சீலிலிருந்து பீறிட்ட எண்ணெயில் வெந்த வலக்கையைக் கட்டுப்போட்டு மார்போடு தொங்கவிட்டபடி ஃபிட்டர் எதிரே நிற்கிறார். "நான்தான் மாட்டும்போது எங்கயோ கோட்டை விட்டிருக்கேன் மேடம். மேனேஜர்கிட்டயும் அதையேதான் சொன்னேன்." அவள், "வலி எப்படி இருக்கு அண்ணா?" என்று மட்டும் கேட்கிறாள். "பரவால்ல," என்று சொல்லிக்கொண்டே, மூலையில் ஓடும் பழைய பம்பின் அடியில் நிறைந்துவிட்ட டப்பாவை இடக்கையால் இழுத்துவிட்டு, காலி டப்பாவைத் தள்ளுகிறார். அதில் ஒரு சொட்டு விழுகிறது. சற்று விட்டு இன்னொன்று. "இது எத்தனையோ வருஷமா இப்படித்தான் ஒழுகிக்கிட்டே ஓடுது. இதுக்கும் உங்க டிசைனையே போட்டுடலாம் மேடம்."