பொடி எழுத்தில் ஒரு வரி

பினாங்கில், சேகரிப்போருக்குப் பழைய காசு விற்கும் கடையின் கண்ணாடிப் பெட்டியில் காலை வெயில் விழுகிறது. தரம் பார்த்து மதிப்பெண் போட அனுப்பியிருந்த பழைய பணநோட்டு, முத்திரையிட்ட கெட்டி உறைக்குள் திரும்பி வந்திருக்கிறது. சீட்டில் மதிப்பெண் குறைவு. அடியில் பொடி எழுத்தில், ‘மடிப்பு இஸ்திரி போட்டு நீக்கப்பட்டது.’ இஸ்திரி போட்டவர், எல்லோரும் ‘தவுக்கே’ என்று அழைக்கும் கடை முதலாளி தெக் ஹுவாட்தான். கறுத்த நாணயத்தைக்கூடத் தேய்க்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர். அவருடைய கட்டைவிரல் மெல்ல நகர்ந்து அந்த வரியை மூடுகிறது. நோட்டைக் கொடுத்திருந்த ரொக்கையா முக்காட்டைச் சரிசெய்தபடி குனிகிறாள். “மார்க்கு கொறஞ்சுபோச்சா, தவுக்கே? எங்க வீட்டுக்காரரு பையில மடிச்சு வச்சதாலதான். மடிப்பு கண்ணுக்கே தெரியல, அப்படியும் கண்டுபிடிச்சிருக்காங்க பாருங்க. சாகுற வரைக்கும் அந்த மனுசனுக்கு ஒரு பொருளப் பத்திரமா வச்சுக்கத் தெரியல.” விரலுக்கடியில் உறை வியர்க்கிறது. தெக் ஹுவாட்டின் தலை, ஆமாம் என்று அசைகிறது.